எம்பெடட் லினக்ஸ் பழகத் தொடங்குவது எப்படி: வெறுங்கையில் ஆரம்பித்து முதல் சென்சார் வரை

எம்பெடட் லினக்ஸ், அதாவது ரவுட்டர், டிவி போன்ற சாதனங்களுக்குள் ஓடும் லினக்ஸ், பழக விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தாம். எந்த போர்டு (செயலியும் நினைவகமும் பொருத்திய சிறு சுற்றுப் பலகை) வாங்குவது? எந்த எடிட்டரில் எழுதுவது? இரண்டுக்கும் இந்த வழிகாட்டியில் விடை உண்டு. ஆனால் இரண்டையும் நடுப்பகுதிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். காரணம், ஒரு சிறிய லினக்ஸை அடியிலிருந்து நுனி வரை ஒருமுறை சொந்தக் கையால் கட்டி எழுப்பியவருக்கு எந்தக் கருவி எதற்கு என்பது தானாகவே விளங்கிவிடும். கட்டாதவருக்கு எவ்வளவு நல்ல கருவியைக் கொடுத்தாலும், பிழை வரும்போது அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் திகைத்து நிற்க நேரிடும். அப்படி ஒருமுறை கட்டிப் பார்க்க போர்டே தேவையில்லை. இன்று மாலையே தொடங்கலாம்.

சி மொழியில் பாயின்டரும் ஸ்ட்ரக்சரும் பழக்கமாகியிருக்க வேண்டும். டெர்மினலில் கோப்புறைகளுக்குள் போய்வரவும், ஒரு கோப்பைத் திறந்து மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு போதும். மைக்ரோகன்ட்ரோலர் அனுபவம் இருந்தால் நல்லது. ஆனால் ஒரு வேறுபாட்டை இப்போதே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மைக்ரோகன்ட்ரோலரில் நீங்கள் எழுதும் நிரல்தான் எல்லாம். அது நேரடியாக வன்பொருளைத் தொடும். லினக்ஸ் ஓடும் செயலியில் நினைவக மேலாண்மை அலகு இருக்கிறது, அதற்கு மேல் இயங்குதளத்தின் மையமான கர்னல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் நிரல், ஓடிக்கொண்டிருக்கும் பல நிரல்களில் (புராசஸ்களில்) ஒன்று. வன்பொருள் வேண்டுமென்றால் கர்னலிடம்தான் கேட்க வேண்டும்.

படி 1: வேலை செய்யும் கணினி

உபுண்டு அல்லது டெபியன், நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பு. 16 ஜிபி நினைவகம் இருந்தால் நிம்மதி. 8 ஜிபியிலும் ஓட்டலாம். வட்டில் 50 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். விண்டோஸை விட முடியாதவர்கள் விர்ச்சுவல் மெஷினிலோ, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-இலோ வேலை செய்யலாம். ஆனால் டபிள்யூஎஸ்எல்லில் இரண்டு குழிகள் இருக்கின்றன.

முதலாவது, மூல நிரலை விண்டோஸின் சி டிரைவில் வைக்காதீர்கள். வேகம் குறைவது ஒருபுறம் இருக்க, அந்தக் கோப்பு முறைமை ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வழக்கமாக ஒன்றாகவே கருதும். லினக்ஸ் கர்னலில் நெட்வொர்க் பாக்கெட்டுகளை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியிலோ, எழுத்தின் அளவில் மட்டுமே வேறுபடும் பெயர்களோடு ஹெடர் கோப்புகள் இருக்கின்றன. ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டு, எதுவும் செய்யாமலேயே கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி உங்கள் கோப்புகள் மாறியிருப்பதாகச் சொல்லும். லினக்ஸ் பகுதிக்குள் இருக்கும் உங்கள் ஹோம் கோப்புறையிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டபிள்யூஎஸ்எல் விண்டோஸின் பாத் மாறியையும் (கட்டளைகளைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியல்) உள்ளே இழுத்து வருகிறது. அதில் 'புரோகிராம் ஃபைல்ஸ்' போன்ற இடைவெளி உள்ள பெயர்கள் இருப்பதால், படி 3-இல் லினக்ஸைக் கட்டித் தரப்போகும் பில்ட்ரூட் என்ற கருவி முதல் அடியிலேயே மறுத்துவிடும். பாத் மாறியை இடைவெளியில்லாத சில கோப்புறைகளுக்குள் சுருக்கிவிட்டால் சரியாகிவிடும்.

படி 2: மின்சாரம் பாய்ந்தது முதல் லாகின் வரை என்ன நடக்கிறது

இதைப் படித்துவிட்டு ஒரு தாளில் படமாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு பிழையையும் இந்தப் படத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் தீர்க்கப் போகிறோம்.

செயலிக்கு மின்சாரம் வந்ததும் சிப்புக்குள் தயாரிப்பிலேயே பதிக்கப்பட்ட ரோம் நிரல் ஓடுகிறது. அதை யாரும் மாற்ற முடியாது. அப்போது வெளியிலிருக்கும் முதன்மை நினைவகமான டிராம் இன்னும் விழிக்கவில்லை. சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய எஸ்ராம் மட்டும்தான் கையிருப்பு. பல சிப்புகளில் அது சில நூறு கிலோபைட்டைத் தாண்டாது. கர்னலை ஏற்றிவிடும் நிரலான பூட்லோடர் முழுதாக அதில் அடங்காது. அதனால் ரோம் நிரல், எஸ்பிஎல் எனப்படும் சின்னஞ்சிறு முன்னோடி நிரலை எஸ்டி கார்டிலிருந்தோ ஃபிளாஷிலிருந்தோ ஏற்றுகிறது. எஸ்பிஎல்லின் தலையாய வேலை டிராமை எழுப்புவது. அது எழுந்ததும் யூ-பூட் என்ற முழு பூட்லோடர் அங்கே வந்து அமர்கிறது.

யூ-பூட் மூன்று பொருள்களைக் கர்னலின் கையில் தருகிறது: கர்னல் இமேஜ், டிவைஸ் ட்ரீ (போர்டில் எந்த வன்பொருள் எங்கே இருக்கிறது என்ற விவரம்), கட்டளை வரி. கட்டளை வரி என்பது ஒரு நீண்ட சொற்றொடர். செய்திகளை எந்த சீரியல் போர்ட்டில் அச்சிடுவது, நிரல்களும் கோப்புகளும் இருக்கும் ரூட் ஃபைல்சிஸ்டம் எங்கே இருக்கிறது போன்றவை அதில் இருக்கும். கர்னல் வன்பொருளைத் தயார்செய்து, ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்து, அதிலிருந்து இனிட் என்ற முதல் புராசஸைக் கிளப்புகிறது. அதன் எண் எப்போதும் 1. மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைப்பவை.

படி 3: போர்டு இல்லாமல் ஒரு முழு லினக்ஸ்

இதற்கு இரண்டு கருவிகள் போதும். க்யூஎமு ஒரு ஆர்ம் கணினியை உங்கள் கணினிக்குள் பாவனை செய்யும். பில்ட்ரூட், டூல்செயின் (கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும்), கர்னல், ரூட் ஃபைல்சிஸ்டம் அனைத்தையும் மூல நிரலிலிருந்து கட்டித் தரும்.

பில்ட்ரூட் ஆண்டுக்கு நான்கு முறை, பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் வெளியாகிறது. பிப்ரவரிப் பதிப்பு நீண்டகால ஆதரவுக்கு உரியது. தொடங்குகிறவர்கள் அதை எடுப்பது நல்லது. கோப்பை விரித்து, அந்தக் கோப்புறைக்குள் நின்று, 'க்யூஎமு ஏஆர்ச் 64 விர்ட்' என்று தொடங்கும் டெஃப்கான்ஃபிக்கை (முன்பே தயாரித்த அமைப்புக் கோப்பு) மேக் கட்டளையால் தேர்ந்தெடுங்கள். அடுத்து வெறும் 'மேக்'. சாதாரண மடிக்கணினியில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஓடும். அதுவரை திரையில் ஓடும் வரிகளை அவ்வப்போது பாருங்கள். முதலில் டூல்செயின், பிறகு கர்னல், பிஸிபாக்ஸ் போன்ற துண்டுகள் ஒவ்வொன்றாக உருவாவது தெரியும்.

முடிந்ததும் அவுட்புட் கோப்புறைக்குள் இமேஜஸ் என்ற உட்கோப்புறையில் கர்னல் இமேஜும் ரூட் ஃபைல்சிஸ்டமும் இருக்கும். கூடவே 'ஸ்டார்ட் க்யூஎமு' என்ற ஷெல் நிரலும் இருக்கும். அதை ஓட்டுங்கள். சில நொடிகளில் பில்ட்ரூட் லாகின் கேட்கும். 'ரூட்' என்று அடித்தால் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும்.

இப்போது நீங்கள் நிற்பது உங்கள் கையால் கட்டிய லினக்ஸில். எல்எஸ், கேட், மவுண்ட் என்று எதை அடித்தாலும் பதில் சொல்வது ஒரே நிரல்தான். அதன் பெயர் பிஸிபாக்ஸ். 'பின்' (bin) என்ற கோப்புறையை நீண்ட பட்டியலாகப் பார்த்தால் அத்தனை கட்டளைகளும் ஒரே கோப்பைச் சுட்டும் இணைப்புகளாக இருப்பதைக் காணலாம். வெளியேற கன்ட்ரோல்-ஏ, பிறகு எக்ஸ்.

பிறகு 'மேக் மெனுகான்ஃபிக்' திறந்து ஒரு மணி நேரம் அதில் சுற்றித் திரியுங்கள். ஹோஸ்ட் பெயரை மாற்றுங்கள், ரூட்டுக்குக் கடவுச்சொல் வையுங்கள், நெட்வொர்க் வழியாக உள்நுழைய உதவும் டிராப்பியர் என்ற சிறிய எஸ்எஸ்ஹெச் சேவையைச் சேருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு மீண்டும் கட்டிப் பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அவுட்புட் கோப்புறைக்குள் இருக்கும் எதையும் உங்களுடையது என்று நினைக்காதீர்கள். அங்கே போய் ஒரு சி கோப்பைத் திருத்தி, வேலையும் செய்து, பிறகு 'மேக் கிளீன்' அடித்தால் எல்லாம் துடைத்தெடுத்ததுபோல் போய்விடும். உங்கள் சொந்தக் கோப்புகளை பில்ட்ரூட்டுக்கு வெளியே ஒரு கோப்புறையில் வைத்து, சிஸ்டம் கான்ஃபிகரேஷன் பகுதியில் ரூட் ஃபைல்சிஸ்டம் ஓவர்லே என்ற இடத்தில் அதன் பாதையைத் தாருங்கள். கடைசிக் கட்டத்தில் அவை ரூட் ஃபைல்சிஸ்டத்தின் மேல் அப்படியே நகலெடுக்கப்படும்.

படி 4: டூல்செயின், அவசரப்படக் கூடாத இடம்

உங்கள் கணினியின் செயலி வேறு, போர்டின் செயலி வேறு. ஒன்றில் உட்கார்ந்து மற்றொன்றுக்கான நிரலைக் கட்டும் கம்பைலர்தான் கிராஸ் கம்பைலர். அதன் பெயரிலேயே அதன் குணம் இருக்கிறது. 'ஏஆர்ச் 64 - லினக்ஸ் - க்னூ' என்றால் 64 பிட் ஆர்ம், லினக்ஸ், க்னூ சி லைப்ரரி. 'ஆர்ம் - லினக்ஸ் - க்னூஇஏபிஐஹெச்எஃப்' என்றால் 32 பிட் ஆர்ம். ஈற்றில் உள்ள ஹெச்எஃப், தசம எண்களை வன்பொருளிலேயே கையாளும் முறை. பெயரில் லினக்ஸுக்குப் பதிலாக 'நன்' என்று இருந்தால் அது இயங்குதளமே இல்லாத மைக்ரோகன்ட்ரோலர்களுக்கானது. அதைக் கொண்டு லினக்ஸ் நிரல் கட்ட முயன்று நாளைக் கழிப்பவர்கள் நிறைய.

நான் இழந்தது இரண்டு நாள், வேறொரு காரணத்தால். ஒரு சிறிய சி நிரலைக் கட்டி, போர்டில் நகலெடுத்து, இயக்க அனுமதியும் கொடுத்துவிட்டு ஓட்டினேன். 'நாட் ஃபவுண்ட்' என்றது ஷெல். எல்எஸ் அடித்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. பாதையைச் சரிபார்த்தேன், மறுபடி நகலெடுத்தேன், எஸ்டி கார்டையே மாற்றினேன். கோப்பு இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது.

இல்லாதது என் நிரல் அல்ல. என் நிரலை ஏற்றிவிடும் லோடர். டைனமிக்காக இணைக்கப்பட்ட ஒவ்வொரு நிரலும் தன்னை ஏற்ற வேண்டிய லோடரின் முழுப் பாதையைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும். என் கம்பைலர் க்னூ சி லைப்ரரிக்கானது. அதனால் லைப் கோப்புறையில் 'எல்டி - லினக்ஸ்' என்று தொடங்கும் கோப்பை அது தேடியது. போர்டில் இருந்த ரூட் ஃபைல்சிஸ்டமோ மசில் என்ற வேறொரு சி லைப்ரரியால் கட்டப்பட்டது. அங்கே இருந்தது 'எல்டி - மசில்'. கர்னல் அந்தக் கோப்பு இல்லை என்று சொல்ல, ஷெல் அதை என் நிரலே இல்லை என்பதுபோல் அச்சிட்டது.

இதை நீங்களே செய்து பாருங்கள். பில்ட்ரூட் மெனுவின் டூல்செயின் பகுதியில் சி லைப்ரரியாக மசிலைத் தேர்ந்தெடுத்து முழுவதும் மறுபடி கட்டுங்கள். உபுண்டுவில் கிடைக்கும் ஏஆர்ச் 64 கம்பைலரால் ஒரு வணக்கம் சொல்லும் நிரலைக் கட்டி உள்ளே வையுங்கள். அதே பிழை வரும். 'ரீட்எல்ஃப்' கட்டளையைச் சிறிய எல் விருப்பத்தோடு ஓட்டினால், எந்த லோடரைக் கேட்கிறது என்று ஒரு வரியில் காட்டும். பிறகு அதே நிரலை ஸ்டாட்டிக் ஆக, லைப்ரரியையும் நிரலுக்குள்ளேயே சேர்த்து, கட்டுங்கள், இம்முறை ஓடும். மூன்றாவதாக, அவுட்புட் கோப்புறைக்குள் ஹோஸ்ட், அதற்குள் 'பின்' (bin) என்ற இடத்தில் பில்ட்ரூட் தானே கட்டிய கம்பைலர் இருக்கிறது. அதைக் கொண்டு கட்டுங்கள். ஸ்டாட்டிக் இல்லாமலேயே ஓடும். இதிலிருந்து வரும் பழக்கம் ஒன்றே: எந்த ரூட் ஃபைல்சிஸ்டத்தில் ஓடப் போகிறதோ, அதைக் கட்டிய டூல்செயினாலேயே உங்கள் நிரலையும் கட்டுங்கள்.

படி 5: எடிட்டர்

இதில் என் கருத்து எளிமையானது. ஏற்கெனவே விரல்களுக்குப் பழகிய எடிட்டரை விட்டுவிடாதீர்கள். விம், ஈமேக்ஸ், விஎஸ் கோட் எதுவாக இருந்தாலும் சரி. பழக்கம் எதுவும் இல்லையென்றால் விஎஸ் கோடில் தொடங்குங்கள். ஆனால் விம்மில் ஒரு கோப்பைத் திறந்து, திருத்தி, சேமித்து வெளியேறும் அளவுக்காவது எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். போர்டுக்குள் சீரியல் வழியாகப் போய் ஒரு வரியை மாற்ற வேண்டிய நாள் நிச்சயம் வரும். அங்கே பிஸிபாக்ஸின் சிறிய விஐ மட்டும்தான் இருக்கும்.

எடிட்டரின் பெயரைவிட, அது உங்கள் நிரலைச் சரியாகப் புரிந்துகொள்கிறதா என்பதுதான் பெரிய விஷயம். கிராஸ் கம்பைல் செய்யும் திட்டத்தைத் திறந்ததும் ஹெடர் கோப்புகளின் கீழெல்லாம் சிவப்புக் கோடு விழும். எடிட்டர் உங்கள் கணினியின் ஹெடர்களைப் பார்ப்பதே காரணம். அதைத் தீர்ப்பது கிளாங்டி என்ற மொழிச் சேவையகம். அதற்கு ஒவ்வொரு கோப்பும் எந்தெந்த விருப்பங்களோடு கட்டப்படுகிறது என்ற பட்டியல், 'கம்பைல் கமாண்ட்ஸ்' என்ற ஜேசன் கோப்பாக வேண்டும். சிமேக்கில் அதற்கான விருப்பத்தை இயக்கினால் அதுவே உருவாக்கித் தரும். மேக் மட்டும் உள்ள திட்டங்களில் 'பேர்' (Bear) என்ற சிறு கருவி, கட்டும்போது கவனித்து எழுதிக்கொடுக்கும். கர்னலைக் கட்டிய பிறகு அந்த ஜேசன் கோப்பின் பெயரையே மேக் கட்டளைக்கு இலக்காகத் தந்தால் அதுவே உருவாக்கிவிடும். கூடவே கிளாங்டியின் 'குவெரி டிரைவர்' விருப்பத்தில் உங்கள் கிராஸ் கம்பைலரின் பாதையைத் தாருங்கள். சிவப்புக் கோடுகள் மறைவதோடு, ஒரு ஃபங்ஷனின் மேல் நின்று அது வரையறுக்கப்பட்ட இடத்துக்கு ஒரே தாவலில் போகவும் முடியும். கோடிக்கணக்கான வரிகள் உள்ள கர்னலில் இது இல்லாமல் நடமாடுவது மிகவும் கடினம்.

பில்ட்ரூட்டின் அவுட்புட் கோப்புறையை விஎஸ் கோடின் தேடலிலிருந்தும் கோப்புக் கண்காணிப்பிலிருந்தும் விலக்கிவிடுங்கள். இல்லையேல் கணினி திணறும். எடிட்டரை போர்டிலேயே ஓட்ட முயல வேண்டாம். எழுதுவது கணினியில், ஓடுவது போர்டில்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேக்ஃபைல் எழுதவும், தெரியாத பிழைச் செய்தியை விளக்கவும் அவை நன்றாகவே உதவுகின்றன. டிவைஸ் ட்ரீயில் மட்டும் நம்பிவிடாதீர்கள். இல்லாத பண்புகளை இருப்பதுபோல எழுதித் தரும். கம்பைலரும் அதை மறுக்காது. கர்னலோ சத்தமின்றிப் புறக்கணிக்கும். கர்னல் மூல நிரலோடு வரும் ஆவணக் கோப்புறையில் டிவைஸ் ட்ரீ பைண்டிங்ஸ் பகுதி இருக்கிறது. ஒவ்வொரு பண்பையும் அங்கே பார்த்து உறுதிசெய்த பிறகே எழுதுங்கள்.

படி 6: இப்போது போர்டு

வேகத்தையும் நினைவகத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் பராமரிக்கும் முதன்மைக் கர்னல் அதில் ஓடுமா? சிப்பின் முழு ஆவணம் எல்லோருக்கும் கிடைக்கிறதா? போர்டின் செய்திகளைக் கம்பி வழியாகக் கணினியில் படிக்க உதவும் சீரியல் கன்சோலுக்கான பின்கள் வெளியே எட்டும்படி இருக்கின்றனவா?

மூன்றுக்கும் ஆம் என்பது 2013-இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக். 1 கிகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ்-ஏ8 செயலி, 512 எம்பி நினைவகம். பழையதுதான். ஆனால் எஸ்பிஎல் முதல் இனிட் வரை ஒவ்வொரு கண்ணியையும் திறந்து பார்க்கலாம். 32 பிட் செயலி என்பதால் டூல்செயின் மாறும். பில்ட்ரூட்டில் இதற்கென்றே டெஃப்கான்ஃபிக் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை நல்ல போர்டு, உதவி எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதன் முதல் நான்கு தலைமுறைகளில் முதலில் விழிப்பது கிராஃபிக்ஸ் பகுதிதான், அதில் ஓடும் ஃபர்ம்வேரின் மூல நிரல் வெளியிடப்படவில்லை. பூட் சங்கிலியின் முதல் பாதி மூடிய அறைக்குள் நடக்கிறது. பயன்பாடுகள் எழுத அது தடையல்ல. சங்கிலியைக் கற்க வேண்டுமென்றால் தடைதான்.

தயாரிப்பாளர் எப்போதோ நிறுத்திவிட்ட பழைய கர்னலில் மட்டும் ஓடும் போர்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். அத்தகைய ஒன்றோடு நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். அங்கே நான் கற்றவை அந்த ஒரு போர்டுக்கு வெளியே எங்கும் பயன்படவில்லை.

எஸ்டி கார்டில் எழுதும்போது நிதானம் வேண்டும். கார்டைச் செருகும் முன் ஒருமுறை, பின் ஒருமுறை, வட்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' ஓட்டுங்கள். புதிதாக முளைத்த பெயர்தான் கார்டு. இமேஜைக் கார்டில் எழுதும் 'டிடி' கட்டளையில் தவறான பெயரைத் தந்தால் உங்கள் கணினியின் வட்டையே அழித்துவிடும், ஒரு கேள்வியும் கேட்காமல்.

படி 7: சீரியல் கன்சோல்

போர்டோடு சேர்த்து ஒரு யூஎஸ்பி சீரியல் கம்பியும் வாங்குங்கள். அது கட்டாயம் 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும்; 5 வோல்ட் சிக்னல் செயலியின் பின்னைப் பொசுக்கிவிடலாம். மூன்று இணைப்புகள் மட்டுமே. கிரவுண்டுக்கு கிரவுண்ட். கம்பியின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை) போர்டின் ஆர்எக்ஸுக்கு (பெறும் முனை), கம்பியின் ஆர்எக்ஸ் போர்டின் டிஎக்ஸுக்கு. மின்சாரம் தரும் சிவப்புக் கம்பியை இணைக்காமல் விடுங்கள். கணினியில் செய்திகளைப் படிக்க பைகோகாம் அல்லது மினிகாம் நிரல், வேகம் பெரும்பாலும் 115200. அனுமதி மறுக்கப்பட்டால் உங்கள் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.

இனி திரையில் தெரிவதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம். எதுவுமே வரவில்லை என்றால் டிஎக்ஸும் ஆர்எக்ஸும் இடம் மாறியிருக்கலாம், அல்லது எஸ்டி கார்டில் எஸ்பிஎல் சரியான இடத்தில் இல்லை. கேள்விக்குறிகளும் கட்டங்களுமாகக் குப்பை வந்தால் வேகம் பொருந்தவில்லை, அல்லது கிரவுண்ட் இணையவில்லை. எஸ்பிஎல்லின் வரி வந்து யூ-பூட் வராமல் நின்றால் டிராம் அமைப்பையோ, யூ-பூட் கோப்பு இருக்கும் இடத்தையோ சந்தேகியுங்கள்.

எல்லோரையும் ஒருமுறையாவது கலங்கடிப்பது அடுத்த நிலை. யூ-பூட் 'ஸ்டார்ட்டிங் கர்னல்' என்று எழுதிவிட்டு, மூன்று புள்ளிகளோடு அப்படியே நின்றுவிடும். கர்னல் செத்துவிட்டது என்று தோன்றும். பல நேரங்களில் அது நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். கட்டளை வரியில் கன்சோலின் பெயர் தவறாக இருப்பதால் வேறெங்கோ பேசிக்கொண்டிருக்கும். முதலில் அந்தப் பெயரைப் பாருங்கள். அது சரியென்றால் டிவைஸ் ட்ரீ இந்த போர்டுக்கு உரியதுதானா என்று பாருங்கள். அதன் பிறகும் மௌனம் என்றால் கட்டளை வரியில் 'எர்லிகான்' சேருங்கள். வழக்கமான சீரியல் டிரைவர் எழும் முன்பே கர்னல் பேசத் தொடங்கும்.

அதையும் தாண்டி, கர்னல் நெடுநேரம் பேசிவிட்டு ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று பேனிக் ஆனால் (மேலே போக முடியாமல் நின்றுவிட்டால்), அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். தனக்குத் தெரிந்த பார்ட்டிஷன்களைக் கர்னல் அங்கே பட்டியலிட்டிருக்கும். உங்கள் எஸ்டி கார்டின் பார்ட்டிஷன் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் கட்டளை வரியில் ரூட்டின் பெயர் தவறாக இருக்கலாம், அல்லது அந்தக் கோப்பு முறைமைக்கான ஆதரவு கர்னலில் இல்லை. பட்டியலே காலியா? கார்டைப் படிக்கும் டிரைவர் கர்னலுக்குள் இல்லை, அல்லது மாட்யூலாக (பிறகு ஏற்றப்படும் தனிக் கோப்பாக) கட்டப்பட்டிருக்கிறது. அந்த மாட்யூல் இருப்பதோ இன்னும் திறக்கப்படாத அதே கார்டில்.

படி 8: டிவைஸ் ட்ரீயும் முதல் சென்சாரும்

யூஎஸ்பி சாதனம் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பில் (பஸ்ஸில்) தொங்கும் சென்சார் அப்படிச் செய்யாது. அது இந்தப் பஸ்ஸில், இந்த முகவரியில் இருக்கிறது என்று யாராவது கர்னலுக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதே டிவைஸ் ட்ரீ.

பழகுவதற்கு எல்எம்75 வெப்பநிலை சென்சார் மிகவும் ஏற்றது. கர்னலிலேயே அதற்கு டிரைவர் இருக்கிறது. பீகிள்போன் பிளாக்கில் பி9 தலைப்பின் 19, 20-ஆம் பின்கள் இரண்டாம் எண் ஐ2சி பஸ். சென்சாரை இணைத்து, 'ஐ2சிடிடெக்ட்' கட்டளையை அந்த பஸ் எண்ணோடு ஓட்டுங்கள். வரும் அட்டவணையில் 48 என்ற எண் தெரிந்தால் வயர்கள் சரி. அது தெரியாதவரை மென்பொருளைத் தொடாதீர்கள்.

அடுத்து 'மேக் லினக்ஸ்-மெனுகான்ஃபிக்' திறந்து எல்எம்75 டிரைவரை இயக்குங்கள். போர்டின் டிவைஸ் ட்ரீ கோப்பில் அந்த ஐ2சி பஸ்ஸுக்குக் கீழ் ஒரு கணுவைச் சேருங்கள். அதற்கு இரண்டு பண்புகள் போதும்: முகவரி, 'கம்பேட்டிபிள்' சரம். இந்தச் சரம்தான் முடிச்சு. டிரைவர் தனக்குத் தெரிந்த சரங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. டிவைஸ் ட்ரீயில் உள்ள சரம் அதோடு பொருந்தினால் மட்டுமே டிரைவரின் 'புரோப்' ஃபங்ஷன் அழைக்கப்படும். பொருந்தவில்லையென்றால் பிழையே வராது. ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான். புதியவர்கள் டிவைஸ் ட்ரீயில் இடறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கட்டி, பூட் செய்து, மறுபடி ஐ2சிடிடெக்ட் ஓட்டுங்கள். 48 இருந்த இடத்தில் இப்போது இரண்டு ஆங்கில 'யு' எழுத்துகள் இருக்கும். அந்த முகவரியை ஒரு டிரைவர் எடுத்துக்கொண்டுவிட்டது என்று அதற்குப் பொருள். சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் ஹெச்டபிள்யூமான், அதற்குள் ஹெச்டபிள்யூமான்0 போல எண்ணோடு இருக்கும் கோப்புறை என்று போய், 'டெம்ப்1 இன்புட்' என்ற கோப்பை கேட் செய்யுங்கள். 31500 என்று வந்தால் 31.5 டிகிரி செல்சியஸ். சென்சாரின் மேல் விரலை வைத்துவிட்டு மறுபடி படியுங்கள், எண் ஏறும். ஒரு டிரைவர் வரிகூட எழுதாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். இப்போது அந்த டிரைவரின் மூல நிரலைத் திறந்து புரோப் ஃபங்ஷனில் ஒரு 'டெவ் இன்ஃபோ' வரி சேர்த்து, அது கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் வருகிறதா என்று பாருங்கள். சொந்த டிரைவர் எழுதுவதற்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

படி 9: பிழை தேடும் கருவிகள்

முதலில் டிமெசேஜ், அடுத்து எஸ்ட்ரேஸ். ஒரு நிரல் கர்னலிடம் என்னென்ன கேட்கிறது, என்ன பதில் பெறுகிறது என்பதை எஸ்ட்ரேஸ் வரிக்கு வரி காட்டும். எந்தக் கோப்பைத் தேடித் தோற்றது என்பது அதில் உடனே தெரியும். நிரலை வரி வரியாக நிறுத்திப் பார்க்க உதவும் ஜிடிபியை போர்டில் முழுதாக வைக்க வேண்டாம். ஜிடிபிசர்வர் என்ற சிறு நிரலை மட்டும் அங்கே ஓட்டி, உங்கள் கணினியிலிருந்து கிராஸ் ஜிடிபியால் நெட்வொர்க் வழியாக இணையுங்கள். டிபக் குறிப்புகள் நீக்கப்படாத நிரல் கணினியில் இருந்தால் போதும். போர்டுக்கான லைப்ரரிகளின் நகல் கணினியில் இருக்கும் சிஸ்ரூட் கோப்புறையின் பாதையையும் ஜிடிபிக்குத் தந்துவிடுங்கள். இல்லாவிட்டால் லைப்ரரிக்குள் நுழைந்ததும் வெறும் எண்களாகத் தெரியும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் கார்டைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தால் பொறுமை போய்விடும். கர்னலை டிஎஃப்டிபி வழியாகவும், ரூட் ஃபைல்சிஸ்டத்தை என்எஃப்எஸ் வழியாகவும் (இரண்டும் நெட்வொர்க்கில் கோப்புகளைத் தரும் முறைகள்) உங்கள் கணினியிலிருந்தே போர்டுக்குத் தரலாம். அமைக்க ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளைத் தாராளமாகச் செலவிடுங்கள்.

படி 10: பில்ட்ரூட்டா, யோக்டோவா

பில்ட்ரூட்டிலேயே தொடங்குங்கள். அதன் உள்ளே நடப்பதெல்லாம் மேக்ஃபைல்களும் ஷெல் நிரல்களும்தாம், திறந்து படிக்கலாம். லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2010-இல் அறிவித்த யோக்டோவும் லினக்ஸைக் கட்டித் தரும் கருவிதான், ஆனால் வேறு அளவிலான பணிக்கானது. லேயர், ரெசிபி, பிட்பேக் என்று அதற்கென ஒரு தனி உலகம் இருக்கிறது. ஒரே குழு பல போர்டுகளுக்குப் பல ஆண்டுகள் பொருள்களைத் தரும்போது அந்தச் சிக்கலுக்கு ஈடான பலன் கிடைக்கும். பல சிப் நிறுவனங்கள் தங்கள் ஆதரவை யோக்டோ லேயராகவே தருவதால் வேலைக்குப் போகும் இடத்தில் அதைச் சந்திக்க வாய்ப்பு அதிகம். அப்போது 2024-இல் வந்த ஸ்கார்த்காப் போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுங்கள். வட்டில் 100 ஜிபிக்கு மேல் ஒதுக்குங்கள்.

படி 11: எல்லாவற்றையும் கிட்டில் வைத்தல்

பில்ட்ரூட்டின் 'எக்ஸ்டர்னல் ட்ரீ' முறையில் உங்கள் டெஃப்கான்ஃபிக், கர்னல் அமைப்பு, டிவைஸ் ட்ரீ மாற்றங்கள், ஓவர்லே அனைத்தும் பில்ட்ரூட்டுக்கு வெளியே தனி ரெப்பாசிட்டரியில் இருக்கட்டும். மெனுவில் செய்த மாற்றங்களை 'சேவ்டெஃப்கான்ஃபிக்' கொண்டு சேமியுங்கள். எந்த பில்ட்ரூட் பதிப்பில் கட்டினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். பொருளாக யாருக்காவது தரப் போகிறீர்கள் என்றால், கர்னல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது என்பதையும், மூல நிரலைத் தரும் கடமை உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 'மேக் லீகல்-இன்ஃபோ' உரிமங்களையும் மூல நிரல்களையும் ஒரே இடத்தில் திரட்டித் தரும்.

பிறகு, இந்த வேலையை இதுவரை பார்த்திராத ஒரு கணினியில் அந்த ரெப்பாசிட்டரியை நகலெடுத்து, மேக் மட்டும் அடித்து, வந்த இமேஜை வெற்று எஸ்டி கார்டில் எழுதி போர்டில் செருகுங்கள். லாகின் வரும்வரை கைவைக்காதீர்கள். வந்ததும் ஹெச்டபிள்யூமான் கோப்புறைக்குள் போய் வெப்பநிலையைப் படித்துப் பாருங்கள்.